போன் பை பின்ன எந்த நூல்: பருத்தியா, உல்லனா, நைலானா, பனியன் நூலா?

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவை என்னிடம் பழக வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் பின்ன ஆசைப்படுவது போன் பைதான். சின்ன வேலை. நாலைந்து சாயங்காலத்தில் முடிந்துவிடும், மறுநாளே தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போகலாம். ஆனால் நூல் கடையில் போய் நின்றதும் திகைத்துவிடுகிறார்கள். "அக்கா, காட்டன் வாங்கவா, உல்லன் வாங்கவா? நைலான்தான் ரொம்ப நாள் உழைக்கும்னு கடைக்காரர் சொல்றாரே?" என்று அங்கிருந்தே படம் எடுத்து அனுப்பிக் கேட்பார்கள். நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: "போன் பகல் முழுக்க உங்ககிட்ட எங்கே இருக்கும்? கைப்பைக்குள்ளயா, தோளிலயா?"

நூலைத் தீர்மானிப்பது அந்தப் பதில்தான். நிறமும் விலையும் அதற்கு அப்புறம்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பின்னல் பை கீறலைத் தடுக்கும், தூசியைக் குறைக்கும், பைக்குள் சாவியும் சில்லறையும் திரையில் உரசாமல் பார்த்துக்கொள்ளும். சிமெண்ட் தரையில் விழுகிற போனை அது மட்டும் காப்பாற்றாது. அதனால் போனுக்குப் போட்டிருக்கும் ரப்பர் உறையைக் கழற்ற வேண்டாம், அதோடு சேர்த்தே அளவெடுங்கள். விழுந்த பிறகு காப்பாற்றுவதைவிட விழாமலே பார்த்துக்கொள்வதில்தான் இந்தப் பை கெட்டி. அந்த வேலையைச் செய்வது பையின் வாரும் வாயும். நூல் தொய்ந்தால் இரண்டுமே கெடும்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது தொய்வு. இப்போதைய பெரிய போன்கள் ஏறக்குறைய 200 கிராம், உறையோடு சேர்த்தால் கால் கிலோவை நெருங்கும். அந்த எடை நாள் முழுக்க ஒரே இடத்தில் தொங்குகிறது. இரண்டாவது, பிசிறு. நூலிலிருந்து உதிரும் பஞ்சு சார்ஜ் போடும் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும், ஒயர் சரியாகப் பிடிக்காது. மூன்றாவது சூடும் ஈரமும், நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் இது சின்ன விஷயமில்லை. நான்காவது, பின்னுகிறவரின் விரலும் மணிக்கட்டும். நூலின் விலை பையின் செலவில் ஒரு பகுதிதான். உள் துணி, பொத்தான், வீணாகும் மீதி நூல், பிரித்துப் பிரித்துப் பின்னும் நேரம் எல்லாம் கணக்கில் வரும்.

அளவு எடுப்பது இப்படி: உறையோடு போனின் அகலம் 7.8 செ.மீ., கனம் 1.1 செ.மீ. என்று வையுங்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் சுற்றளவு 17.8 செ.மீ. தையல்காரர் டேப்பை போனைச் சுற்றிப் பிடித்தாலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான் வரும். இந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதில் எவ்வளவு குறைத்துப் பின்னுவது என்பது நூலுக்கு நூல் மாறும்.

## பருத்தி நூல்

பருத்திதான் என் கைக்குப் பழக்கம், என் பைகளில் பெரும்பாலானவை பருத்தியில்தான். அதனாலேயே அதன் குறையும் எனக்குத் தெரியும்.

பருத்தி இழுத்தால் நீளும், விட்டால் முழுதாகத் திரும்பி வராது. நான் பின்னிய முதல் பையை போன் தாராளமாகப் போய் வரட்டும் என்று 18.5 செ.மீ. சுற்றளவில் பின்னினேன். முதல் வாரம் அருமையாக இருந்தது. ஒரு மாதத்தில் வாய் அகன்றுவிட்டது, பொத்தான் துளையும் இளகிவிட்டது. ஒரு நாள் குழாயடியில் குடத்தைத் தூக்கக் குனிந்தேன், போன் தலைகீழாக வழுக்கிக்கொண்டு சிமெண்ட் மேடையில் விழுந்தது. திரையின் மூலையில் சிலந்தி வலை மாதிரி விரிசல். பின்னலில் ஒரு தையல்கூட அறுந்திருக்கவில்லை. அளவுதான் தப்பு. அன்றிலிருந்து பருத்தி என்றால் போனின் சுற்றளவைவிட முக்கால் முதல் ஒரு சென்டிமீட்டர் குறைத்தே பின்னுகிறேன். முதல் நாள் இறுக்கிப் பிடிக்கும், போனைச் சற்று ஆட்டி ஆட்டித்தான் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். பத்தாம் நாள் சரியாகிவிடும்.

எந்தப் பருத்தி என்பதும் முக்கியம். கடையில் "மெர்சரைஸ்டு காட்டன்" என்று கேளுங்கள். நூலை இழுத்துப் பிடித்தபடி காஸ்டிக் சோடாக் கரைசலில் பதப்படுத்தியது அது. இழையின் மேல் பகுதி வழவழப்பாகி மினுக்கம் வரும், பிசிறு குறையும், துவைத்தால் சுருங்குவதும் குறைவு. சாதாரண பருத்தியையும் இதையும் ஒரு முழம் அவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சாதாரண நூலைச் சுற்றி மெல்லிய ரோமம் சிலிர்த்து நிற்கும், மற்றதில் அது அவ்வளவு இருக்காது. அந்த ரோமம்தான் நாளைக்கு உங்கள் சார்ஜர் துளைக்குள் போகப்போகிறது.

நாலு பிளை (நாலு புரி முறுக்கிய) நூலுக்கு 2.5 மி.மீ. ஊசி எடுங்கள். நூல் சுற்றிய காகிதத்தில் எழுதியிருக்கும் ஊசி அளவு சட்டை, சால்வைக்கானது. பைக்கு அதைவிட ஒன்றிரண்டு அளவு சின்ன ஊசிதான் சரி. அப்போதுதான் கண்ணறை நெருங்கி விழும். உயரம் குறைந்து நெருங்கி விழும் சிங்கிள் குரோஷா தையல் போதும், உயரமாக இடைவெளி விட்டு விழும் டபுள் குரோஷா வேண்டாம். சீக்கிரம் முடியும் என்று டபுளில் பின்னியவர்களின் பைகளில் போனின் கேமரா இடுக்கு வழியாக எட்டிப்பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். பாட்டம், வார், எல்லாம் சேர்த்து 40 முதல் 50 கிராம் நூல் பிடிக்கும், ஆகவே 50 கிராம் உருண்டை ஒன்று வாங்கினால் கடைசியில் நெஞ்சு திக்கென்று இருக்கும். இரண்டாக வாங்கிவிடுங்கள். அதுவும் ஒரே சாய எண்ணில் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்குக் காகிதத்தில் இருக்கும் எண்).

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று சாயம். அடர் சிவப்பு, கருநீலம் இவை புதிதில் கறை விடும். வியர்வை பட்ட பருத்தியிலிருந்து நிறம் இறங்கி, வெள்ளை ரப்பர் உறை நிரந்தரமாக ரோஸ் நிறமானதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். இன்னொன்று ஈரம். பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும். மழையில் நனைந்தால் குடித்துக்கொண்டே போகும், காயவும் நேரமாகும். ஐப்பசி, கார்த்திகையில் பருத்திப் பையை நம்பி வெளியே போகிறவர்கள் ஒரு ஜிப் கவரை மடித்துப் பைக்குள் வைத்திருங்கள்.

## உல்லன் நூல்

கடையில் "உல்லன்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஆட்டு ரோமம் இல்லை, அக்ரிலிக். சந்தேகம் இருந்தால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, சமையலறைத் தொட்டிமேல் வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். அக்ரிலிக் உருகி, ஆறினதும் கறுப்பாக ஒரு கெட்டி மணி நிற்கும். உண்மையான கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் அடித்து, விரலால் நசுக்கினால் பொடியும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும்.

அக்ரிலிக்கின் பெரிய பலம், கை பழகாதவர்களை அது மன்னிக்கும். இழுவை இருப்பதால் ஒரு தையல் இறுக்கம், ஒரு தையல் தளர்வு என்று விழுந்தாலும் துணி பார்க்கச் சமமாகத் தெரியும். ஊசியில் வழுக்கிப் போகும், விரல் வலிக்காது. நூறு நிறம் கிடைக்கும். எடையும் குறைவு: அதே பைக்கு 25, 30 கிராம் போதும். ஈரத்தையும் இழுக்காது, துவைத்தால் சீக்கிரம் காயும். நிறம் இறங்குவதும் அரிது. முதல் பை பின்னுகிறவர் என்றால் பழகுவதற்கு இதையே கொடுப்பேன்.

ஆனால் தினமும் தோளில் போட்டுக்கொள்ளும் பைக்கு இதை நான் சொல்லமாட்டேன். காரணம் பிசிறும் சூடும். இடுப்பில் உரசும் பக்கத்தில் இரண்டே மாதத்தில் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பஞ்சு திரளும். பிய்த்தால் மறுபடி வரும். வெல்க்ரோ பட்டை தைத்தால் இன்னும் மோசம், திறக்கும்போதெல்லாம் அது நூலைக் கொத்தாகப் பிடுங்கும். சூடு விஷயம் அதைவிட முக்கியம். புசுபுசுவென்று இருக்கும் நூல் காற்றைச் சிறைபிடித்து வைத்துக்கொள்ளும், குளிருக்கு ஸ்வெட்டர் இதமாக இருப்பது அதனால்தான். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கத்திரி வெயிலில் வெளியே அதற்கு மேல் போய்விடுகிறது. அதில் ஹாட்ஸ்பாட்டையோ வழிகாட்டும் மேப்பையோ ஓடவிட்டு, உல்லன் பைக்குள் மூடி வைப்பது போனுக்குக் கம்பளி போர்த்துவதுதான். எந்த நூலில் பின்னினாலும் சார்ஜ் போடும்போது போனை வெளியே எடுத்துவிடுங்கள். உல்லன் என்றால் கண்டிப்பாக எடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அதேபோல் இயர்பட்ஸ் டப்பாவுக்கு உல்லன் அருமையாகப் பொருந்தும். அந்தச் சின்ன டப்பாவுக்கு எடையும் இல்லை, பெரிய சூடும் இல்லை. பருத்தியில் வராத இறுக்கிப் பிடிக்கும் தன்மை உல்லனில் வரும், டப்பாவைக் கவிழ்த்தாலும் விழாது. அளவைவிட ஒன்றரை சென்டிமீட்டர்வரை குறைத்துப் பின்னினாலும் போய்ச் சேரும்.

## நைலான், பாலியெஸ்டர் கயிறு நூல்

சந்தைக்குப் போகிற கூடைப்பைகள் பின்னுவார்களே, அந்த மினுமினுப்பான கயிறு நூல். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, இது உழைக்கும். தண்ணீரைக் குடிக்காது, தொய்வு மிகக் குறைவு, பிசிறு கிட்டத்தட்ட இல்லை. மீன் வாங்கப் போகிற இடம், வயல் வேலை, கட்டட வேலை என்று கரடுமுரடான இடங்களில் போனைத் தூக்கித் திரிகிறவர்களுக்கு இதற்கு ஈடு கிடையாது. அழுக்கானால் சோப்பு போட்டு பிரஷ்ஷால் தேய்க்கலாம்.

விலை கொடுப்பது உங்கள் விரல்கள்தான். நூல் வளையாது, ஊசி முனை ஒவ்வொரு கண்ணறைக்குள்ளும் முட்டி முட்டித்தான் நுழையும். ஒரு மணி நேரம் பின்னினால் ஆட்காட்டி விரலின் ஓரத்தில் கோடு விழுந்துவிடும். மணிக்கட்டு வலி, விரல் மூட்டு வலி உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். வரத்தான் வேண்டும் என்றால் பிடி தடித்த ஊசி வாங்கிக்கொண்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை நீட்டி மடக்குங்கள்.

முடிச்சு வழுக்குவது இதிலுள்ள இன்னொரு கேடு. என்னிடம் பழகிய ஒரு பெண், பச்சை நைலானில் நல்ல அழகான பை பின்னினாள். கடைசி நுனியை ஒரு முடிச்சுப் போட்டு நகம் அளவு விட்டு வெட்டிவிட்டாள். மூன்றாவது வாரம் அடிப்பக்க மூலை தானாகத் திறந்துகொண்டது. நுனியைக் குறைந்தது 10 செ.மீ. விடுங்கள். அகன்ற காதுள்ள ஊசியில் கோத்து முன்னே, பின்னே, மறுபடி முன்னே என்று மூன்று முறை பின்னலுக்குள்ளேயே ஓட்டுங்கள். மிச்சத்தை வெட்டி, எரியும் ஊதுபத்தியின் நுனியால் தொடுங்கள். தீக்குச்சியின் சுடர் பட்டால் நூல் கறுத்துப்போகும், ஊதுபத்தி முனை மெல்ல உருக்கிச் சின்ன மொட்டு மாதிரி ஆக்கும். சூடாக இருக்கும்போது விரலால் தொடாதீர்கள், ஊசியின் தட்டையான பக்கத்தால் அழுத்துங்கள்.

உள் துணி இல்லாமல் இதைப் பயன்படுத்தவே கூடாது. பின்னலின் உள்பக்கம் சொரசொரப்பானது, இடையில் மணல் சிக்கினால் திரையை அது அரைக்கும். இந்த நூல் விட்டுக்கொடுக்காது என்பதால் 17.8 செ.மீ. போனுக்கு, உள் துணிக்கும் சேர்த்து 18.5 செ.மீ. பின்னுங்கள்.

## பனியன் நூல்

திருப்பூர் பனியன் துணி நறுக்குகளை நீளவாக்கில் கிழித்துச் சுற்றிய தடித்த நூல். இது தோட்டத்துக் கயிறு கனத்துக்கு இருக்கும், 8 மி.மீ.க்கு மேற்பட்ட ஊசி வேண்டும். ஒரே உட்காரலில் பை முடிந்துவிடும், மெத்தை போலவும் இருக்கும். ஆனால் வாரோடு சேர்த்து 100 கிராமைத் தாண்டும்: போனின் எடையில் பாதியைப் பைக்காகச் சுமப்பீர்கள். நறுக்குத் துணி என்பதால் ஓர் உருண்டை தடிமனாகவும் அடுத்தது மெல்லியதாகவும் இருக்கும், பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி கிடைப்பது அதிர்ஷ்டம். போனுக்கு வேண்டாம். மேசைமேலும் பெரிய பைக்குள்ளும் கிடக்கும் டேப்லெட்டுக்கும் கிண்டிலுக்கும் இது பொருத்தம். அங்கே தோளில் தொங்கும் எடை இல்லை, மெத்தைதான் தேவை.

## ஒரே பார்வையில்

| | மெர்சரைஸ்டு பருத்தி | உல்லன் (அக்ரிலிக்) | நைலான் / பாலியெஸ்டர் | பனியன் நூல் |
|---|---|---|---|---|
| தொய்வு | நடுத்தரம், திரும்பாது | நீளும், ஓரளவு திரும்பும் | மிகக் குறைவு | அதிகம் |
| பிசிறு | குறைவு | அதிகம் | இல்லை எனலாம் | குறைவு |
| சூடு | பரவாயில்லை | தேக்கும் | பரவாயில்லை | தேக்கும் |
| மழை, வியர்வை | உறிஞ்சும் | உறிஞ்சாது | உறிஞ்சாது | உறிஞ்சும் |
| விரலுக்கு | சுமார் | சுகம் | கடினம் | மணிக்கட்டுக்கு பாரம் |
| உள் துணி | இருந்தால் நல்லது | அவசியம் | அவசியம் | வேண்டாம் |
| பொருந்தும் இடம் | தினசரி தோள் பை | இயர்பட்ஸ், முதல் பயிற்சி | கரடுமுரடான வேலை, வார் | டேப்லெட், கிண்டில் |

உறிஞ்சாது என்பதைத் தண்ணீர் புகாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த நூலில் பின்னினாலும் கண்ணறை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும்.

## வாரும் பொத்தானும்

நூல் தேர்வைவிட இங்கேதான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். வெறும் செயின் தையலில் (சங்கிலி மாதிரி ஒற்றை வரிசையாகப் போகும் கண்ணிகள்), அதுவும் பருத்தியில், ஒன்றேகால் மீட்டர் வார் பின்னினால் ரப்பர் மாதிரி நீளும். இடுப்பில் நின்ற போன் ஒரு மாதத்தில் தொடைக்கு இறங்கிவிடும், நடக்கும்போது ஆடி ஆடிக் கதவிலும் மேசை விளிம்பிலும் மோதும். செயின் போட்டு, அதன்மேலேயே ஸ்லிப் ஸ்டிச் (உயரமே இல்லாத இழுப்புத் தையல்) ஒரு வரிசை திரும்பி வாருங்கள், தொய்வு வெகுவாகக் குறையும். நான் இப்போது செய்வது வேறு: பையின் உடம்பை மெர்சரைஸ்டு பருத்தியில் பின்னி, வாரை மட்டும் பாலியெஸ்டர் கயிறு நூலில் பின்னுகிறேன். வியர்க்கிற கைக்கும் இடுப்புக்கும் பருத்தி இதம், எடையைச் சுமப்பது தொய்யாத கயிறு. இரண்டு வகை நூல் வாங்க வேண்டியிருப்பதால் செலவு கொஞ்சம் கூடும். ஆனால் ஒரு கயிறு உருண்டை மூன்று நான்கு பைகளின் வாருக்குக் காணும்.

வாரை வாய் ஓரத்துத் தையலில் மட்டும் கோக்காதீர்கள். நாலு வரிசை கீழே இறக்கி, பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்குத் தைத்துப் பிடியுங்கள். இழுவை ஒரே கண்ணறையில் விழாமல் பரவும்.

காந்தப் பொத்தான் பார்க்க நேர்த்தி, ஆனால் போன் பைக்கு வேண்டாம். போனில் திசை காட்டும் உணரியும், கேமராவில் நடுக்கத்தைச் சமன்செய்யும் பாகமும் காந்தத்துக்குத் தடுமாறக்கூடியவை. கூடவே ஏடிஎம் கார்டையும் வைத்தால் அதன் காந்தப் பட்டைக்கும் நல்லதில்லை. கொட்டாங்கச்சிப் பொத்தான் ஒன்றும் செயின் வளையம் ஒன்றும் போதும். வளையத்தைப் பொத்தான் திணறி நுழைகிற அளவுக்குச் சின்னதாகப் போடுங்கள், அதுவும் இளகத்தான் போகிறது.

உள் துணிக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பழைய பாப்ளின் சட்டை, சேலையோடு வந்து தைக்காமல் கிடக்கும் ரவிக்கைத் துணி, இரண்டுமே பிசிறு விடாது. பட்டன் வைக்கும் முன் உள் துணியைத் தைத்துவிடுங்கள், அப்புறம் கை நுழையாது.

## உங்களுக்கு எது

தினமும் பஸ்ஸிலும் அலுவலகத்திலும் தோளில் தொங்கும் என்றால் மெர்சரைஸ்டு பருத்தி உடம்பு, கயிறு வார். என் அத்தை காலையில் நடக்கப் போகும்போது கழுத்தில் மாட்டிக்கொள்வதும் இதுதான். வியர்வை படுவதால் வாரத்துக்கு ஒருமுறை துவைத்து, வெயிலில் தொங்கவிடாமல் துண்டின்மேல் பரப்பிக் காயவைக்கிறார், அதனால் இன்றும் அளவு மாறவில்லை. எப்போதும் கைப்பைக்குள்ளேயே இருக்கும் போனுக்கு வார் வேண்டாம், பருத்தியோ உல்லனோ கைக்கு எது சுகமோ அதில் பின்னலாம், உள் துணி மட்டும் தவறாமல் வையுங்கள். ஈரத்திலும் மண்ணிலும் வேலை என்றால் யோசிக்காமல் முழுப் பையும் நைலான்.

இரு சக்கர வாகனத்தில் போகிறவர்கள் வாரைக் கழுத்தில் தொங்கவிடாமல் குறுக்காகப் போட்டு, சட்டைக்கோ துப்பட்டாவுக்கோ உள்ளே வையுங்கள். நீண்ட வார் சக்கரத்தில் சிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்து வார் எந்த நூலிலும் வேண்டாம், மணிக்கட்டில் மாட்டும் சின்ன வளையம் போதும்.

பின்னி முடித்ததும் உடனே போனை உள்ளே வைக்காதீர்கள். கால் கிலோ சர்க்கரை பாக்கெட்டைப் பைக்குள் போட்டு, வாரின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, கதவுக் கொக்கியில் ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் நீண்டிருந்தால் வாரை மட்டும் பிரித்துத் திரும்பப் பின்னுங்கள், உடம்பைத் தொட வேண்டாம்.